அடைத்த பின்னும் கசிந்த ஓட்டை: லினக்ஸின் ‘டர்ட்டி கவ்’

பில் ஓஸ்டர் என்ற லினக்ஸ் நிர்வாகிக்கு ஒரு பழக்கம். தன் பொறுப்பில் இருந்த இணையதளங்களுக்கு வரும் எச்டிடிபி போக்குவரத்து முழுவதையும் பாக்கெட் பாக்கெட்டாகப் பதிவுசெய்து வைப்பார். வட்டில் இடத்தை அடைக்கும் வேலை, எப்போது பயன்படும் என்றும் சொல்ல முடியாது. பெரும்பாலான நிர்வாகிகள் இதில் இறங்குவதில்லை. 2016இல் அந்தத் தளங்களில் ஒன்றுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். புகுந்தவர்கள் ஏற்றி ஓட்டிய நிரல் அந்தப் பதிவுக்குள் அப்படியே கிடந்தது. ஓஸ்டர் அதைப் பிரித்தெடுத்து, தனிமைப்படுத்திய சூழலில் ஓட்டிப் பார்த்தார். எந்த உரிமையும் இல்லாத சாதாரணப் பயனர் கணக்கில் தொடங்கிய நிரல், கணினியில் எதையும் செய்யக்கூடிய ரூட் அதிகாரத்தோடு வந்து நின்றது. தவறாமல் நின்றது.

அந்த நிரல் ஜிசிசி 4.8 கம்பைலரில் உருவாக்கப்பட்டிருந்தது. அதை வைத்து, இது பல ஆண்டுகளாகவே யார் கையிலாவது புழங்கியிருக்க வேண்டும் என்று ஓஸ்டர் கருதினார். என்னைக் கேட்டால், கம்பைலரின் வயதைக் கொண்டு நிரலின் வயதைச் சொல்லிவிட முடியாது. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் 7ஆம் பதிப்பு கூட அதே 4.8ஐத்தான் பல ஆண்டுகள் வைத்திருந்தது. ஆனால் அவர் கருத்தை மறுக்கவும் வழியில்லை. இந்தத் தாக்குதல் கணினியின் பதிவேடுகளில் வழக்கத்துக்கு மாறான எந்தத் தடத்தையும் விட்டுச்செல்வதில்லை. அவரிடம் பாக்கெட் பதிவு இல்லாதிருந்தால், ‘தளம் ஹேக் ஆனது, மீண்டும் நிறுவிவிட்டோம்’ என்ற ஒற்றை வரியோடு விஷயம் முடிந்திருக்கும்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் தரப்புக்குத் தகவல் போனது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே திருத்தத்தை எழுதினார். அதில் இருக்கும் தேதி 2016 அக்டோபர் 13. பிழையைத் தெரிவித்தவர் பெயரை எழுதும் வரியில், பில் என்பதற்கும் ஓஸ்டர் என்பதற்கும் நடுவே மேற்கோள் குறிக்குள் ‘பால் அல்ல’ என்று ஒரு குறும்பு. அதற்கு மேலே உள்ள விளக்கத்தில் குறும்பு எதுவும் இல்லை. இது மிகப் பழைய பிழை என்றும், பதினொரு ஆண்டுகளுக்கு முன் தானே இதை ஒருமுறை மோசமாகத் திருத்த முயன்றதாகவும், அந்தத் திருத்தம் ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிகளில் தொல்லை கொடுத்ததால் திரும்பப் பெறப்பட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 19, 20 தேதிகளில் செய்தி வெளியானது. 4.8.3, 4.7.9, 4.4.26 ஆகிய கெர்னல் பதிப்புகள் திருத்தத்தோடு வந்தன. பாதுகாப்புப் பிழைகளைப் பதியும் சிவிஇ பட்டியலில் பிழைக்கு சிவிஇ-2016-5195 என்று எண். ‘டர்ட்டி கவ்’ என்று பெயர். ஒரு மாட்டுப் படம். பிழைகளுக்கெல்லாம் சின்னம் போட்டு விளம்பரம் செய்யும் மோகத்தைக் கிண்டலடிக்கும் ஒரு பொய்க் கடை. இந்த அலங்காரங்களில் நாம் நேரம் செலவிட வேண்டியதில்லை. கெர்னல் எழுதுபவர்களில் முதல் வரிசையில் இருப்பவர்கள் கைவைத்த ஒரே இடம், 2005இலிருந்து 2022 வரை ஏன் திரும்பத் திரும்பக் கசிந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

மூலமும் நகலும்

ஒரு நிரல் கோப்பொன்றைத் தன் முகவரிகளுக்குள் விரித்துக்கொள்ள எம்மேப் என்ற கெர்னல் அழைப்பு இருக்கிறது. வட்டில் உள்ள கோப்பின் பக்கங்களை வேகத்துக்காகக் கெர்னல் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அந்தத் தொகுப்புக்குப் பேஜ் கேஷ் என்று பெயர். ஒரு பக்கம் பெரும்பாலும் 4 கிலோபைட். நூறு நிரல்கள் ஒரே கோப்பை விரித்தாலும் நினைவகத்தில் இருப்பது பேஜ் கேஷின் அந்த ஒரே பிரதிதான். நூறு பேருக்கும் அதையே காட்டினால் போதும்.

விரித்தவர் அதில் எழுதினால்? ‘எனக்கு மட்டும்’ என்று கேட்டு விரித்தவர் எழுத முனையும் அந்த நொடியில் கெர்னல் பக்கத்தை நகலெடுத்து, நகலை அவர் கையில் கொடுக்கிறது. பதிவாளர் அலுவலகத்தில் மூலப் பத்திரம் அலமாரியை விட்டு நகராது, கேட்டவருக்கு நகல்தான் கிடைக்கும் என்பது போல. நகலில் எதைக் கிறுக்கினாலும் மூலத்துக்குச் சேதமில்லை. எழுதும்போது நகலெடுக்கும் இந்த ஏற்பாடுதான் ‘காப்பி ஆன் ரைட்’. முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கவ்’.

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் ஒரு சலுகையிலிருந்து தொடங்குகிறது. டீபக்கர் என்ற பிழைதேடும் கருவி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளைகளுக்கு நடுவே நிறுத்தக் குறி வைக்க வேண்டும். கட்டளைகள் உள்ள பக்கங்களோ படிக்க மட்டும் உரிமை கொண்டவை. அதனால் பிட்ரேஸ் என்ற அழைப்பின் வழியாக வரும் எழுத்தை மட்டும், உரிமை இல்லாவிட்டாலும் கெர்னல் வலுக்கட்டாயமாக நடத்திக்கொடுக்கும். நிபந்தனை ஒன்றுதான்: முதலில் நகல், பிறகு எழுத்து. 2.6.39 பதிப்பிலிருந்து, 2011இல், இதே சலுகைக்கு இன்னொரு வாசல் திறந்தது. /ப்ராக்/செல்ஃப்/மெம் என்ற பெயரில் ஒரு நிரலின் நினைவகம் முழுவதும் கோப்பு போலத் தெரியும். அந்தக் கோப்பில் எழுதினாலும் வலுக்கட்டாய எழுத்து நடக்கும். அந்த வாசல் திறந்து ஓராண்டு ஆவதற்குள்ளேயே, 2012 ஜனவரியில், அதன் உரிமைச் சோதனையில் வேறொரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு ரூட் வரை போனது. அதற்குப் பிறகும் வாசல் மூடப்படவில்லை. சோதனையை மட்டும் சரிசெய்தார்கள்.

இனி தாக்குதலின் உட்புறம். /ஈடிசி/பாஸ்வேர்டு போன்ற, படிக்க மட்டும் முடிகிற ஒரு கோப்பை நிரல் ‘எனக்கு மட்டும்’ என்று விரிக்கிறது. பிறகு இரண்டு த்ரெட்கள், அதாவது ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள். முதலாவது, விரித்த இடத்தில் /ப்ராக்/செல்ஃப்/மெம் வழியாக ஓயாமல் எழுதுகிறது. இரண்டாவது, எம்அட்வைஸ் என்ற அழைப்பின் மூலம் ‘அந்தப் பக்கம் இப்போது எனக்கு வேண்டாம், எடுத்துக்கொள்’ என்று ஓயாமல் சொல்கிறது. இரண்டுமே சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வேலைகள். எந்தக் கோப்பின் உரிமையையும் யாரும் மீறவில்லை.

எழுதக் கேட்டவுடன் கெர்னல், எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று குறித்து வைக்கும் பக்க அட்டவணையில் பக்கத்தைத் தேடுகிறது. பக்க அட்டவணையில் இல்லை. ‘எழுதப் போகிறேன்’ என்ற கொடியோடு, பக்கம் இல்லாதபோதோ உரிமை போதாதபோதோ சமாளிக்கும் தன் ‘பக்கப் பிழை’ பகுதியை அழைக்கிறது. அது நகலெடுத்து அட்டவணையில் வைக்கிறது. ஆனால் விரிப்புக்கே எழுதும் உரிமை இல்லாததால், நகலும் படிக்க மட்டும் என்ற குறியோடுதான் அமர்கிறது. கெர்னல் மீண்டும் தேடுகிறது. பக்கம் இருக்கிறது, ஆனால் எழுத முடியாத பக்கம். மீண்டும் அதே பகுதியை அழைக்கிறது. ‘நகல் ஏற்கெனவே தயார், என் வேலை முடிந்தது’ என்று பதில் வருகிறது. எழுதும் உரிமையை இந்தப் பக்கம் எத்தனை சுற்று போனாலும் பெறப்போவதில்லை. எனவே கெர்னல் ஒரு குறுக்குவழி எடுக்கிறது: கோரிக்கையிலிருந்து ‘எழுதப் போகிறேன்’ என்ற கொடியையே கழற்றிவிடுகிறது. இனி படிக்கும் கோரிக்கை போலத் தேடினால் நகல் கையில் கிடைக்கும், அதில் எழுதிவிடலாம் என்பது கணக்கு.

கணக்கு சரிதான், நகல் அதற்குள் காணாமல் போகாத வரை.

கொடியைக் கழற்றியதற்கும் அடுத்த தேடலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. போதாக்குறைக்கு, அந்த இடத்தில் கெர்னல் தானாகவே ‘வேறு யாருக்காவது பிராசசர் வேண்டுமா’ என்று கேட்டு வழிவிடும் ஓர் அழைப்பும் இருக்கிறது. இரண்டாவது த்ரெட் அந்த இடைவெளிக்குள் நுழைந்து நகலைத் தூக்கி எறிந்துவிட்டால், அடுத்த தேடலில் அட்டவணை காலி. கெர்னல் மறுபடியும் பக்கப் பிழை பகுதியை அழைக்கிறது. இம்முறை எழுதும் கொடி இல்லை. கேட்பவன் படிக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்து அந்தப் பகுதி மூலத்தையே, பேஜ் கேஷின் பக்கத்தையே, எடுத்து நீட்டுகிறது. கெர்னல் தன் சொந்த உரிமையில் அதன்மேல் எழுதுகிறது. வன்பொருள் தடுக்காது, கெர்னல் தன் முகவரி வழியாக எழுதும்போது நிரலின் அட்டவணையில் உள்ள ‘படிக்க மட்டும்’ குறியை யாரும் பார்ப்பதில்லை.

மூலம் மாறிவிட்டது. அடுத்த நொடியில் அந்தக் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு நிரலும் மாறியதைத்தான் பார்க்கும். பயனர் பட்டியலில் ஒரு வரி, அல்லது ரூட் உரிமையோடு ஓடும் ஏதாவது ஒரு நிரலின் சில பைட்டுகள், அது போதும்.

2005 ஆகஸ்ட்

இந்த இடைவெளியை 2016இல் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 2005 ஆகஸ்ட் தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் எழுதிய திருத்தத்தின் விளக்கத்திலேயே விஷயம் தெளிவாக இருக்கிறது: வேறொரு த்ரெட் அட்டவணையை மாற்றினால் எழுதும் கோரிக்கை படிக்கும் கோரிக்கையாக மறுமுயற்சி செய்யப்படலாம், அதனால் முறையாக நகலெடுக்கப்படாத பக்கத்தில் எழுத்து விழக்கூடும், கொள்கை அளவில். அந்தக் ‘கொள்கை அளவில்’ என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கண்ட தீர்வு, டர்ட்டி பிட் என்ற அழுக்குக் குறியைப் பார்ப்பது. பக்கத்தில் யாராவது எழுதினால் பக்க அட்டவணையின் அந்த வரியில் ஒரு பிட் ஏறும். எழுதக் கேட்டவருக்குப் பக்கத்தைக் கொடுக்கும் முன் அந்தப் பிட் ஏறியிருக்கிறதா என்று பார். இல்லையென்றால் மீண்டும் எழுதும் கோரிக்கையாகவே சுற்று. எளிமையான யோசனை.

ஆனால் லினக்ஸ் ஓடுவது இன்டெல் பெட்டிகளில் மட்டுமல்ல. ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிகளில் அந்தக் காலத்தில் அழுக்குக் குறி பக்க அட்டவணையில் இல்லை. பௌதிக நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வன்பொருள் தனியாக வைத்திருக்கும் ஸ்டோரேஜ் கீயில் இருந்தது. கெர்னல் கேட்கும் இடத்தில் பதிலே கிடையாது. ஆகவே அந்தச் சோதனை அங்கே என்றைக்கும் தேறாது. சில நாட்களுக்குள் வேறொரு திருத்தம் வந்தது. அழுக்குக் குறியைப் பார்ப்பது நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக, நகலெடுத்து முடித்ததும் பக்கப் பிழை பகுதி ஒரு தனிப் பதிலைத் திருப்பித் தரும். அந்தப் பதில் வந்துவிட்டால் இனி எழுதும் உரிமையைச் சோதிக்க வேண்டாம். மேலே பார்த்த குறுக்குவழியின் பிறப்பு இதுதான். ‘சற்று முன் நகல் இருந்தது’ என்ற செய்தி, ‘இப்போதும் இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

அன்றைய நிலையில் இதை யாரும் பெரிதாக நினைக்காததைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு த்ரெட்கள் அந்த இடைவெளியில் சரியாக மோதிக்கொள்வது அரிது. அதைவிட முக்கியமாக, பூட்டுகள் குறுக்கே நின்றன. ஒரு புராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) முகவரி அமைப்பைத் தொடும் வேலைகளுக்கெல்லாம் ஒரு பொதுப் பூட்டு உண்டு. படிப்பவர்கள் பலர் ஒன்றாக அதை வைத்திருக்கலாம். எழுதுபவர் வைத்திருந்தால் வேறு யாரும் உள்ளே வர முடியாது. எம்அட்வைஸ் அன்று எழுதுபவரின் பூட்டைப் பிடித்தது. பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும் த்ரெட்டின் நடுவே அது புக வாய்ப்பில்லை.

2007இல் வந்த 2.6.22 பதிப்பில் அது மாறியது. பல த்ரெட்களில் ஓடும் நிரல்கள் நினைவகத்தை விடுவிக்கும்போதெல்லாம் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடந்தன. வேகம் வேண்டும் என்று, பக்கத்தை விடுவிக்கும் எம்அட்வைஸ் வேலைக்குப் படிப்பவரின் பூட்டு போதும் என்று தளர்த்தினார்கள். மாற்றம் நியாயமானது, பயனுள்ளது, இன்றுவரை இருக்கிறது. ஆனால் அதன் விளைவாகப் பக்கத்தைத் தேடும் த்ரெட்டும் அதைத் தூக்கி எறியும் த்ரெட்டும் ஒரே பூட்டை ஒரே நேரத்தில் படிப்பவர்களாக வைத்துக்கொள்ள முடிந்தது. பாதிக்கப்பட்ட பதிப்புகளின் தொடக்கமாக 2.6.22ஐப் பொதுவாகக் குறிப்பிடுவது தற்செயல் அல்ல. 2016இன் விளக்கத்தில் டோர்வால்ட்ஸ் ஒரே வாக்கியத்தில் இதைச் சொல்லிவிட்டுப் போகிறார்: நினைவகப் பகுதி மேலும் விரிவுகொள்ளும் திறன் பெற்றுவிட்டது, அன்று வெறும் கொள்கையளவில் இருந்த பந்தயம் (இரண்டு த்ரெட்களில் எது முந்தும் என்ற மோதல்) இன்று எளிதாக நடக்கிறது.

‘கொள்கை அளவில்’ என்று ஒரு பிழையை ஒதுக்கும்போது நாம் மதிப்பிடுவது பிழையை அல்ல. அன்றைய பூட்டுகளையும் அன்றைய பிராசசர்களையும்தான். அவை மாறும்போது பழைய மதிப்பீட்டைத் திறந்து பார்ப்பது யாருடைய வேலை என்று எந்தத் திட்டத்திலும் எழுதியிருப்பதில்லை. பூட்டைத் தளர்த்தியவரின் மாற்றத்தைச் சரிபார்த்தவர்கள், இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு கோப்பில் கைவிடப்பட்ட சோதனை ஒன்றை அந்தப் பூட்டுதான் தாங்கிப் பிடித்திருந்தது என்பதை எப்படி அறிவார்கள்? அந்தச் சார்பு எங்கும் எழுதப்படவில்லை. எஸ்390இல் மென்பொருள் அழுக்குக் குறி 2013இன் 3.9 பதிப்பிலேயே வந்துவிட்டது. பழைய நல்ல சோதனையைத் திரும்பக் கொண்டுவரத் தடை எதுவும் இல்லாத மூன்றரை ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

யார் அடிபட்டார்கள்

பேட்ச், அதாவது திருத்தம், பயனர்களுக்கு வந்த விதம் சீராக இல்லை. டெபியனும் உபுண்டுவும் உடனடியாகத் தந்தன. ரெட் ஹாட் பேட்ச் தயாராகும் வரை தாக்குப்பிடிக்க, சிஸ்டம்டாப் என்ற கருவியால் /ப்ராக்/செல்ஃப்/மெம் வழி எழுத்தையும் பிட்ரேஸையும் இடைமறிக்கும் ஒரு தற்காலிக வழியைச் சொன்னது. ரெட் ஹாட் 6இன் கெர்னல் 2.6.32, அதில் /ப்ராக்/செல்ஃப்/மெம் எழுத முடியாத கோப்பு. எனவே ஓஸ்டர் பிடித்த அதே நிரல் அங்கே ஓடாது. இதைக் கேட்டுப் பலர் மூச்சுவிட்டார்கள். சில நாட்களில் பிட்ரேஸ் வழியாக அதே வேலையைச் செய்யும் நிரல்கள் வந்துவிட்டன. வாசல்தான் வேறு, உள்ளே இருந்த அறை ஒன்றுதான்.

ஒரே கணினிக்குள் நிரல்களைப் பிரித்து வைக்கும் கன்டெய்னர்களில் வேலையைத் தனிமைப்படுத்திவிட்டோம் என்று நம்பியிருந்தவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். விடிஎஸ்ஓ என்று ஒரு சிறு கட்டளைத் தொகுப்பு உண்டு. நேரம் என்ன என்பது போன்ற கேள்விகளுக்குக் கெர்னலுக்குள் போகாமலே பதில் சொல்வதற்காக, கெர்னல் அதை எல்லாப் புராசஸ்களுக்கும் காட்டி வைக்கும். நினைவகத்தில் அது ஒரே பிரதி. கன்டெய்னருக்குள்ளிருந்து டர்ட்டி கவ் மூலம் அந்தப் பிரதியைத் திருத்தினால், வெளியே ரூட் உரிமையோடு ஓடும் ஒரு புராசஸ் அடுத்த முறை நேரம் கேட்கும்போது தாக்குபவரின் கட்டளையை நிறைவேற்றும். கோப்பு எதையும் தொடத் தேவையில்லை. கன்டெய்னர்களுக்கு நடுவே சுவர் இருக்கிறது என்பதும் உண்மை, எல்லா அறைக்கும் கெர்னல் ஒன்றே என்பதும் உண்மை.

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னல்தான். கூகுள் 2016 நவம்பர் அறிக்கையில் துணைப் பேட்சாகவும், டிசம்பரில் கட்டாயமாகவும் இதைச் சேர்த்தது. கூகுள் அறிக்கை வெளியிடுவதும் கைபேசிக்குப் பேட்ச் வந்து சேருவதும் ஒன்றல்ல என்பது மலிவான கைபேசி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். கிட்டத்தட்ட ஓராண்டு கழித்து, 2017 செப்டம்பரில், டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் ‘ஸ்னியு’ என்ற தீநிரலைப் பற்றி எழுதியது. டர்ட்டி கவ்வைப் பயன்படுத்திய முதல் ஆண்ட்ராய்டு தீநிரல் அது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் 5,000க்கும் மேற்பட்ட பயனர்கள். பெரும்பாலானோர் சீனாவிலும் இந்தியாவிலும். ஆபாசச் செயலிகள், விளையாட்டுகள் என்ற வேடத்தில் 1,200க்கும் மேற்பட்ட செயலிகள் அதைச் சுமந்து திரிந்தன. ரூட் பிடித்த பிறகு அது செய்தது என்ன தெரியுமா? சீனத் தொலைபேசி நிறுவனத்தின் குறுஞ்செய்திக் கட்டணச் சேவை வழியாக, கைபேசிக்காரரின் பெயரில் சிறு தொகைகளை மாற்றிக்கொண்டு, அந்தச் செய்திகளை அழித்துவிடுவது. கண்ணில் படாமலிருக்க வேண்டும் என்பதற்காகத் தொகையைச் சிறியதாக வைத்திருந்தார்கள். கெர்னலின் அடிமடியில் பதினொரு ஆண்டு கிடந்த பிழை, கடைசியில் சில்லறைத் திருட்டுக்கு உதவியது. கட்டணச் சேவை சீனாவுடையது என்பதால் இந்தியப் பயனர்கள் பணத்தை இழக்காமல், பின்கதவு ஒன்றை மட்டும் சுமந்தார்கள்.

‘உள்ளே கணக்கு இருப்பவரால் மட்டும் முடியும், அதனால் அவசரமில்லை’ என்று உள்ளூர் உரிமைப் பிழைகளைத் தள்ளிவைக்கும் வழக்கம் நிர்வாகிகளிடம் உண்டு. 2018 நவம்பரில் இம்பெர்வா நிறுவனம் விவரித்த தாக்குதலில், ட்ரூபல் என்ற மென்பொருளில் ஓடும் தளங்களின் அப்போதைய பெரிய ஓட்டை வழியாக உள்ளே வந்தவர்கள் அடுத்த படியாக டர்ட்டி கவ்வை ஓட்டி ரூட் ஆகி, தங்களுக்கென, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் வாசல் ஒன்றைத் திறந்து வைத்தார்கள். பேட்ச் வந்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு. ஓஸ்டரின் தளத்தில் நடந்ததும் இதே இரண்டு படி ஏற்றம்தான்.

குறியின் சாட்சியம்

2016இன் திருத்தத்தில் மாறியவை சில வரிகள்தான். எழுதும் கொடியைக் கழற்றும் பழக்கம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக ‘நகலெடுத்தாகிவிட்டது’ என்று சொல்லும் புதிய உட்கொடி ஒன்று. அந்தக் கொடி இன்னும் செல்லுமா என்று பார்க்க, பக்க அட்டவணையில் அழுக்குக் குறி இருக்கிறதா என்ற சோதனை. 2005இல் கைவிட்ட யோசனை மேம்பட்ட வடிவில் திரும்பி வந்தது. நகலாக இருந்தால் குறி ஏறியிருக்கும். படிக்கும் கோரிக்கையால் வந்த மூலப் பக்கமாக இருந்தால் குறி இருக்காது. எனவே குறி இருந்தால் நகல்.

தருக்கம் சரி. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ‘இது இந்தப் புராசஸுக்கு மட்டும் உரிய நகலா?’ என்பது. கேட்கப்படும் கேள்வி ‘இதில் அழுக்குக் குறி இருக்கிறதா?’ என்பது. முதலாவதற்கு இரண்டாவது சாட்சியாக நிற்கும், நகலெடுக்காமல் வேறு யாரும் அந்தக் குறியை ஏற்றாத வரை. அந்த ‘வரை’யைக் காப்பாற்றும் பொறுப்பு, கெர்னலில் அழுக்குக் குறியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் அவர்கள் அறியாமலே போய்ச் சேர்ந்தது.

முதலில் இடறியது பெரும்பக்கங்களில். 4 கிலோபைட்டுக்குப் பதிலாக 2 மெகாபைட்டை ஒரே பக்கமாகக் கையாளும் வசதி லினக்ஸில் இருக்கிறது. அதற்கு அட்டவணையில் வேறொரு அடுக்கு. 2016இன் திருத்தம் அந்த அடுக்கைத் தொடவில்லை. 2017 ஜனவரியில் அங்கும் அதே சோதனையைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு நவம்பர் கடைசியில் பின்டெசி என்ற குழு அந்தச் சோதனையை ஏமாற்ற முடியும் என்று காட்டியது. எண் சிவிஇ-2017-1000405, பெயர் ‘ஹியூஜ் டர்ட்டி கவ்’. பெரும்பக்கத்தைச் சும்மா தொட்டுப் பார்க்கும் ஒரு சிறு செயற்கூறு, படிக்க வந்தவருக்கும் அழுக்குக் குறியை ஏற்றிவிடுகிறது. அதன் மேலேயே ஒரு குறிப்பும் நீண்ட நாட்களாக இருந்தது: எழுதும் கோரிக்கைக்கு மட்டும்தான் இந்தப் பிட்டை ஏற்ற வேண்டும், ஆனால் இப்போதைக்கு இந்த அடுக்கில் அழுக்குப் பிட்டுக்குப் பொருள் எதுவும் இல்லை, பொருள் வந்தால் இதை மாற்ற வேண்டும் என்று.

குறிப்பை எழுதியவர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார். ஜனவரித் திருத்தம் அந்தப் பிட்டுக்குப் பொருள் கொடுத்தது, அதுவும் பாதுகாப்பையே தாங்கும் பொருள். குறிப்பு இருந்த இடத்துக்கு யாரும் போகவில்லை. பாதிப்பு குறுகியதாக இருந்தது அதிர்ஷ்டம்: சாதாரண வட்டுக் கோப்புகள் அன்று பெரும்பக்கங்களில் வைக்கப்படவில்லை, அனைவருக்கும் பொதுவான பூஜ்யப் பெரும்பக்கமும் நினைவகத்திலேயே வாழும் சில கோப்புகளும்தான் மாட்டின.

இரண்டாவது முறை 2022 ஆகஸ்டில். யூசர்ஃபால்ட்எஃப்டி என்ற வசதிக்காக, நினைவகக் கோப்புகளின் பக்கங்களை அட்டவணையில் வைக்கும்போது நிபந்தனையின்றி அழுக்குக் குறி ஏற்றும் மாற்றம் ஒன்று 5.16 பதிப்பில் வந்திருந்தது. மாற்றத்துக்கு அதற்கேற்ற காரணம் இருந்தது. டர்ட்டி கவ்வோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பது படிப்பவருக்குத் தோன்றாது. ஆனால் நகலாகாத பக்கம் ஒன்று மறுபடியும் அழுக்குக் குறியோடு நின்றது; சோதனை மறுபடியும் அதை நகல் என்று நம்பியது. ரெட் ஹாட்டின் டேவிட் ஹில்டன்பிராண்ட் இதை எடுத்துக்காட்டினார், சிவிஇ-2022-2590.

அவருடைய திருத்தத்தை மற்றவற்றைவிட ஒரு படி மேலாக மதிக்கிறேன். குறி ஏற்றும் இடத்தைச் சரிசெய்வதோடு நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அடுத்தவர் வேறோர் இடத்தில் இடறியிருப்பார். அவர் 2016இல் வந்த உட்கொடியை அடியோடு நீக்கினார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 5.19 பதிப்புக்காக, ‘இந்தப் பக்கம் ஒரே ஒரு புராசஸுக்கு மட்டும் உரியது’ என்று நேரடியாகப் பதியும் ஒரு குறியை அவரே கொண்டுவந்திருந்தார். வலுக்கட்டாய எழுத்துக்கு இப்போது அந்தக் குறியைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதைக் கேட்க 2005இலிருந்து பதினேழு ஆண்டுகள் ஆயின. நேரடிக் குறி ஏன் முன்பே வரவில்லை என்றால், பக்கத்தின் விவரங்களைக் கெர்னல் வைத்திருக்கும் அமைப்பில் பிட்டுகள் அவ்வளவு அரிது; ஒவ்வொரு பிட்டுக்கும் சண்டை நடக்கும். இருக்கும் பிட் ஒன்றையே இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை அங்கிருந்துதான் பிறக்கிறது.

வாசல் இன்னும் இருக்கிறது. வலுக்கட்டாய எழுத்து டீபக்கர்களுக்குத் தேவைதான், ஆனால் சாதாரண சர்வரில் /ப்ராக்/செல்ஃப்/மெம் வழியாக அதைச் செய்ய வேண்டிய நிரல் அநேகமாக எதுவும் இல்லை. 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 கெர்னலில் இதற்கென ஓர் அமைப்பு சேர்ந்திருக்கிறது: வலுக்கட்டாய எழுத்தை எப்போதும் அனுமதிக்கலாம், பிட்ரேஸ் செய்பவருக்கு மட்டும் அனுமதிக்கலாம், அல்லது யாருக்கும் இல்லை என்று மூடிவிடலாம். கெர்னலைத் தொகுக்கும்போதோ, கணினி துவங்கும் வரியில் ஓர் அளவுருவாகவோ இதைக் கொடுக்கலாம். எதையும் கொடுக்காவிட்டால், பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காக, ‘எப்போதும்’ என்பதே நடைமுறையில் இருக்கும்.